கோலிக்குண்டு உருண்ட பக்கம்

சட்டை போட்டிருந்தால் நான் ஒல்லி. கழற்றினால் கை குச்சி, வயிறு மட்டும் சின்னக் குடம். ரொம்ப வருடம் அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. யார் சட்டையைக் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள்.

தாராவியில் தோல் பை தைக்கிறேன். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு எழுவேன். மறுபடி உட்கார்ந்தால் சாயங்காலம். மிஷினைப் பார்த்துக் குனிந்தபடி இருபத்து நாலு வருடம் போய்விட்டது. முதுகு அந்த மிஷினுக்கென்றே வளைந்திருந்தது. பட்டறையில் என் பேர் குச்சி. குச்சிக்கு நோய் வராது என்பார்கள். நானும் நம்பினேன்.

பெண்டாட்டியின் அண்ணன், என் மச்சான், வேறு ரகம். ஐரோலியில் ஒரு கம்பெனியில் லோடிங் வேலை. பெட்டி தூக்கித் தூக்கி உடம்பு கல்லு மாதிரி. வாயும் சும்மா இருக்காது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு பொருத்தம்தான் உண்டு. தோள் உயரம்.

அது ஏன் பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் கோவிலில் செப்டம்பரில் மாதா திருவிழா. கடைசி நாள் சப்பரம். மரச் சட்டத்தின் மேல் மாதா சுரூபம், பூ, கலர் லைட். லைட்டுக்கு ஒரு பேட்டரி. பூவை விட, சுரூபத்தை விட, பேட்டரிதான் கனம். சப்பரத்துக்கு அடியில் இரண்டு நீளத் தண்டு. தண்டுக்கு ஆறு பேர். இடது தண்டின் முன்னால் நான். வலது தண்டின் முன்னால் மச்சான். முன்னால் நிற்கிற இரண்டு பேரும் ஒரே உயரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சப்பரம் சாயும். மாதா சாய்ந்து வருவதை யாரும் பார்க்க விரும்பமாட்டார்கள்.

அதனால் கொடி ஏற்றுகிற அன்று கோவில் முற்றத்தில் அளவு பார்ப்பார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். பாதியாகப் பிளந்து, கணுவெல்லாம் செதுக்கி வழவழவென்று ஆக்கிய ஒரு மூங்கில் வைத்திருக்கிறார். ஜோடியாக நிற்கிற இரண்டு பேர் தோளிலும் அதைக் குறுக்கே வைப்பார். மூங்கில் பள்ளத்தின் நடுவில் ஒரு கோலிக்குண்டை விடுவார். குண்டு நின்றால் ஜோடி சரி. உருண்டால் ஜோடி இல்லை. குட்டையான ஆள் பக்கம்தான் உருளும்.

பதினோரு வருடம் எங்கள் குண்டு நடுவில் நின்றது. அசையாது. மச்சான் அதைப் பார்த்து, “பாருங்க, கல்யாணத்துக்குக்கூட இப்படிப் பொருத்தம் பாத்ததில்ல” என்பான். எல்லா வருடமும் இதையே சொல்வான். எல்லா வருடமும் சிரிப்பார்கள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நான் விழுந்தேன்.

முழுசாக விழவில்லை. சப்பரம் ஐந்து இடத்தில் நின்று நின்று போகும். மூன்றாவது நிறுத்தம் தாண்டினால் மாவு மில் பக்கம் ஒரு திருப்பம். சந்து குறுகல். திரும்பும்போது உள்பக்கத்து ஆள் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துப் பாரம் தாங்க வேண்டும். உள்பக்கம் நான். தொடை நடுங்க ஆரம்பித்தது. தாங்கிப் பார்த்தேன். முழங்கால் மடிந்தது. சப்பரம் என் பக்கம் சாய்ந்தது. மாலை ஒன்று வழுக்கி என் தலையில் விழுந்தது. பின்னால் இருந்த பெண்கள் “மாதாவே” என்றார்கள். என்னைச் சொல்லவில்லை, ஆனாலும் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

ஒருவன் விலகினால் அவன் ஜோடியும் விலக வேண்டும். மாற்று ஜோடி உள்ளே வந்தது. நானும் மச்சானும் சப்பரத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நடந்தோம். மச்சான் மெழுகுவர்த்தியைக் குச்சி ஐஸ் மாதிரிப் பிடித்திருந்தான்.

“மாப்ள.”

“என்ன மச்சான்.”

“துண்டை ரெண்டா மடிச்சுத் தோள்ல போட்டீரு பாரும். அப்பமே நெனச்சேன்.”

தோளில் ஒற்றைத் துண்டு போடுவதுதான் வழக்கம். மடித்துப் போட்டால் தோள் இளசு என்று அர்த்தம். அதற்கு மெத்தை என்று பேர். மெத்தை போட்டவனை அடுத்த திருவிழா வரை கேலி செய்வார்கள்.

கமிட்டிக்காரர் வந்தார். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருக்கலாம்.

“ஒரு வருசம்னா யாருக்கும் வரும். அடுத்த வருசமும் இப்படி ஆச்சுன்னா அந்த இடத்துக்கு வேற ஜோடி போட்டுருவோம். அப்புறம் கேக்கக்கூடாது.”

அவர் போன பிறகு மச்சான் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தான். என் காலால் அவன் இடமும் போகப் போகிறது. அது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

பெண்டாட்டி என்னை மாட்டுங்காவுக்கு இழுத்துப் போனாள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு லேடி டாக்டர். தமிழ் பேசுவார். ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் போனோம்.

“சுகர் எட்டிப் பார்க்கறது” என்றார் டாக்டர்.

“நான் ஒல்லி டாக்டர்.”

“ஒல்லின்னு யார் சொன்னா? எழுந்து நில்லுங்கோ.” என் தொடையை பேன்ட்டோடு சேர்த்துப் பிடித்தார். துணிதான் கையில் வந்தது. “இங்கே சதையே இல்லை. சாப்பிடற சர்க்கரை போய்ச் சேர இடம் வேண்டாமா? சதைதான் அந்த இடம். உங்களுக்கு அது இல்லை. அதான் எல்லாம் வயித்துல போய் உக்காந்துண்டிருக்கு.”

“மருந்து?”

“இப்போ வேண்டாம். உடம்பைக் கட்டுங்கோ. தசை வைக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கோ.”

வெளியே வந்ததும் பெண்டாட்டி கேட்டாள்.

“மெலியச் சொல்லுதாங்களா, தடிக்கச் சொல்லுதாங்களா?”

எனக்கும் புரியவில்லை. இரண்டும் என்றேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஜிம் இருக்கிறது. கீழே பிளாஸ்டிக் அரைக்கிற பட்டறை. மேலே ஜிம். ஏற ஒரு இரும்பு ஏணி, பிடிக்க ஒரு கயிறு. உள்ளே போனால் கூரை தலைக்கு மேல் ஒரு சாண். கீழே மிஷின் ஓடினால் மேலே தரை அதிரும். ஜிம் நடத்துகிறவன் மராத்திக்காரன். முப்பது வயது ஆகவில்லை. செம்பூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறான். எங்கள் ஆட்களோடு பழகித் தமிழ் பேசுவான். பாதி தமிழ், பாதி இந்தி. என்னை அண்ணா என்றான். சட்டையைக் கழற்றச் சொன்னான். சுற்றி வந்து பார்த்தான்.

“அண்ணா, மோட்டாவும் இல்ல, பத்லாவும் இல்ல. தோனோ ஹை.”

குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை, இரண்டும் இருக்கிறது என்கிறான். மாட்டுங்காவில் ஃபீஸ் கொடுத்துக் கேட்டதைத்தான் இவனும் சொன்னான்.

இரும்பு தூக்கச் சொல்வான் என்று நினைத்தேன். ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தான்.

“உக்காரு. கை வைக்காம எந்திரி. பத்து வாட்டி.”

“ஸ்டூலா? நான் தினம் ஸ்டூல்லதான் இருக்கேன்.”

“இருக்கே. எந்திரிக்கல.”

ஆறு முறை எழுந்தேன். ஏழாவது முறை கை தானாகத் தொடைக்குப் போனது. அவன் சிரிக்கவில்லை. நோட்டில் ஆறு என்று எழுதினான்.

அன்றைக்கு ஏணியில் இறங்கியதுதான் பெரிய வேலை. ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் முழங்கால் தனியாக யோசித்தது. கீழே பிளாஸ்டிக் பட்டறை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தினமும் புது ஆட்கள் இப்படி இறங்குவதைப் பார்ப்பது அவர்களுக்கு டீ நேரப் பொழுதுபோக்கு என்று பிறகு தெரிந்தது.

பட்டறையிலும் செய்யச் சொன்னான். மணிக்கொரு தடவை ஸ்டூலிலிருந்து கை வைக்காமல் பத்து முறை. செய்தேன். முதல் நாள் பக்கத்து மிஷின்காரன், “பாத்ரூம் வருதா?” என்றான். இரண்டாம் நாள் நான்கு பேர் சேர்ந்து இந்தியில் எண்ணினார்கள். எட்டு வரும்போது குரல் கூடும். பத்து வந்தால் மேஜையைத் தட்டுவார்கள். முதலாளி சேட் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். என்ன சத்தம் என்றார். சொன்னார்கள். அவரும் ஒருமுறை எழுந்து பார்த்தார். கையை ஊன்றித்தான் எழுந்தார். அதன் பிறகு எங்களை ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பருக்குள் தண்ணீர் கேனைத் தூக்க முடிந்தது. இருபது லிட்டர் கேன். அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடி வீட்டு ஏணியில் ஏறினேன். பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து தண்ணீர் பிடிக்கிற வேலை என்னுடையது ஆயிற்று.

ஜிம்காரன் தினம் இரண்டு முட்டை சாப்பிடச் சொன்னான். வேர்க்கடலை, கொண்டைக்கடலை, மீன். சாப்பிட்டேன். ஜனவரியில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஏதோ முளைத்தது. தொட்டுப் பார்த்தேன். கட்டி என்று பயந்தேன். ஜிம்காரன் அழுத்திப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது நீதான்” என்றான்.

அப்புறம் தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு, சாம்பல் புதனில் தொடங்கும்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் பெண்டாட்டி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“மாதாட்ட நேந்துக்கிட்டேன்.”

“என்னன்னு?”

“நீங்க இந்த வருசம் சப்பரத்தை முழுசும் தூக்கணும். அண்ணன் இடமும் போவக் கூடாது. அதுக்காவ நாப்பது நாளும் ஒருசந்தி.”

ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. மத்தியானம் மட்டும். கறி, மீன், முட்டை கிடையாது.

“நல்லது. இரு.”

“நானா? நாம ரெண்டு பேரும்.”

“என்னைக் கேக்கலியே.”

“உங்களுக்காவத்தானே நேந்தேன். நீங்க இல்லாம எப்படி.”

சரி என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்குள் ஒரு கணக்கும் இருந்தது. குறைவாகத் தின்றால் தொந்தி போகும். நேர்ச்சைக்கு நேர்ச்சையும் ஆயிற்று, தொந்திக்குத் தொந்தியும் ஆயிற்று. ஜிம்காரனிடம் சொல்லவில்லை. சாமி காரியத்தை அவனிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போனது. அந்த பெல்ட் நானே தைத்தது, ஓட்டையும் நானே போட்டது. அதனால் சந்தோஷம் கொஞ்சம் அதிகம். மச்சானிடம் காட்டினேன். “வயிறு போவுது, சரி. வயித்தையா தண்டுக்கு அடியில குடுக்கப் போறீரு?” என்றான்.

மூன்றாவது வாரம் கேன் கனத்தது. தண்ணீரில் ஏதோ மாற்றம் என்று நினைத்தேன். ஜிம்மில் போன மாதம் பத்து முறை தூக்கிய இரும்பு ஐந்தாவது முறை நின்றுவிட்டது. ஜிம்காரன் நோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அன்றைக்கு ஏணியில் பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டேன். கண் இருட்டியது. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கீழே பட்டறைக்காரர்கள், “புதுசா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள்.

ஜிம்காரன் வந்து இறக்கினான். உட்காரவைத்தான்.

“காலைல என்ன சாப்ட்டே?”

“ஒண்ணும் இல்ல.”

“நேத்து ராத்திரி?”

“ஒண்ணும் இல்ல.”

“பணம் இல்லியா?”

“நேர்ச்சை.”

அவனுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. விரதம் என்றேன். புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அண்ணா, நான் அங்க வீடு கட்டறேன். நீ ராத்திரி ராத்திரி வந்து செங்கல் திருடிட்டுப் போறே.”

“தொந்தி குறைஞ்சிருக்கு.”

“தொந்தி கொஞ்சம் போச்சு. கால் ரொம்பப் போச்சு. பசிச்சா உடம்பு மொதல்ல வேலை செய்யறவனைத்தான் விரட்டும். சும்மா உக்காந்திருக்கிறவன் உக்காந்தே இருப்பான்.”

நான் பார்த்த எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். அதனால் உடனே புரிந்தது.

“வா, உன் வீட்டுக்குப் போலாம்” என்றான்.

பெண்டாட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். சுவரில் மாதா படம். இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டான். அதைப் பார்த்ததும் பெண்டாட்டி புடைப்பதை நிறுத்தினாள்.

“பாபி, அண்ணி, ஒரு கேள்வி. மாதாவை இவர் தூக்கணுமா, வேண்டாமா?”

“தூக்கணும்.”

“அப்போ சோறு போடுங்க. முட்டை போடுங்க.”

“நேந்தாச்சே தம்பி. குடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது.”

“திருப்பி வாங்க வேண்டாம். மாத்திக் குடுங்க. கடைல சைஸ் மாத்தித் தரமாட்டாங்களா?”

“சாமி என்ன துணிக்கடையா?”

ஆனால் யோசித்தாள். அவள் யோசித்தால் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தட்டுவாள். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து முதல் காரியமாக முட்டையை வேகப் போட்டாள்.

“சீக்காளிக்கு ஒருசந்தி கட்டாயம் இல்லியாம். வேற எதையாவது விட்டாப் போதுமாம். விட்டா உங்களுக்கு வலிக்கணும், அதான் முக்கியமாம்.”

“கறியை விடுதேன்.”

“உங்களுக்கு எது வலிக்கும்னு எனக்குத் தெரியும்.”

தெரிந்திருந்தது. நான் ஒரு நாளைக்கு ஏழு கட்டிங் டீ குடிப்பேன். அரை கிளாஸ் டீயில் அரை கிளாஸுக்குச் சீனி. அதைத்தான் சொன்னாள். திருவிழா முடிகிற வரை டீயில் சீனி இல்லை. நாற்பது நாள் என்றிருந்தது ஆறு மாதம் ஆயிற்று. மாற்றிக் கொடுத்ததில் சைஸ் பெரிதாகிவிட்டது.

சீனி இல்லாத டீயை முதல் வாரம் மருந்து என்று நினைத்துக் குடித்தேன். இரண்டாம் வாரம் தண்டனை என்று நினைத்துக் குடித்தேன். அப்புறம் நினைக்காமல் குடித்தேன். பெண்டாட்டி தன் பங்கு ஒருசந்தியை நாற்பது நாளும் இருந்தாள். எனக்கு முட்டை உரித்துக் கொடுத்துவிட்டு அவள் தண்ணீர் குடித்தாள். அந்த முட்டையை அவள் பக்கம் பார்க்காமல் தின்றேன்.

ஈஸ்டருக்குப் பிறகு உடம்பு திரும்பி வந்தது. வெயில் வந்தது. தகரக் கூரைக்கு அடியில் ஜிம் அடுப்பு மாதிரி இருந்தது. இரும்பைத் தலைக்கு மேல் தூக்குகிற பயிற்சியை நின்று செய்ய முடியாது, கூரை இடிக்கும். ஏணி வருகிற ஓட்டைக்கு நேரே மட்டும் கூரை உயரம். ஓட்டையின் இரண்டு பக்கமும் காலை அகட்டி வைத்து நின்று தூக்குவோம். கீழே பட்டறைக்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இப்போது அவர்கள் சிரிக்கவில்லை. இரும்பு விழுந்தால் அவர்கள் தலையில்தான்.

ஜிம்காரன் எனக்கு அதிகம் கொடுத்தது முதுகுப் பயிற்சி. குனிந்து இரும்பைத் தொப்புள் பக்கம் இழுப்பது. “மிஷின் உன்னை முன்னால இழுக்குது. நீ பின்னால இழு” என்றான். மழை வந்தது. சந்தில் தண்ணீர் முழங்கால் வரை நின்றது. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு போனேன். ஜூலையில் டாக்டரிடம் போனேன். ரத்தத்தைப் பார்த்தார். தொடையைப் பிடித்தார். இந்தத் தடவை கையில் ஏதோ அகப்பட்டது.

“இப்படியே இருங்கோ” என்றார். அவ்வளவுதான். பெண்டாட்டி அதை வழியெல்லாம் மூன்று பேரிடம் சொன்னாள்.

பட்டறையில் பேர் மாறவில்லை. குச்சிதான். ஆனால் தோல் கட்டு வந்தால், “குச்சியைக் கூப்பிடு” என்றார்கள்.

கொடியேற்றம் வந்தது. கோவில் முற்றத்தில் கூட்டம். மழை விட்டிருந்தது. ஜோடி ஜோடியாக நின்றார்கள். எங்கள் முறை வந்தது. நானும் மச்சானும் நின்றோம். கமிட்டிக்காரர் மூங்கிலை வைத்தார். குண்டை விட்டார்.

குண்டு உருண்டது.

மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, மச்சான் பக்கம் போய், மூங்கில் நுனியில் அவன் காதை இடித்துக் கீழே விழுந்தது. பதினோரு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. கமிட்டிக்காரர் குண்டை எடுத்துத் துடைத்தார். மறுபடி விட்டார். மறுபடி மச்சானிடம் போனது.

“தரை சரியில்லை” என்றான் மச்சான்.

இடம் மாறி நின்றோம். குண்டும் மாறி, அவன் இப்போது நின்ற பக்கமே போனது.

கமிட்டிக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பக்கவாட்டில் பார்த்தார்.

“நீரு என்ன வே, வளந்துட்டீரா?”

“நாப்பத்தேழு வயசு எனக்கு.”

“முன்ன இப்படி நிக்க மாட்டீரு. கூனி நிப்பீரு. இப்ப நிமிந்துட்டீரு.”

அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. மச்சான் என் உயரம் இல்லை. என் கூனலின் உயரம். இத்தனை வருடம் எங்கள் பொருத்தம் என்று நின்றது அந்த மிஷின் போட்ட வளைவு.

“ரெண்டு விரக்கடை வித்தியாசம்” என்றார் கமிட்டிக்காரர். “ஜோடி சேரல. நான் என்ன செய்ய.”

மச்சான் என்னைப் பார்த்தான். ஒரு வருடம் என் காலுக்குப் பயந்திருந்தான். கால் சரியாயிற்று, இப்போது முதுகால் இடம் போகிறது.

“மாப்ள, கொஞ்சம் கூனும்.”

கூனினேன். குண்டு நடுவில் நின்றது.

“அஞ்சு நிறுத்தமும் இப்படியே வருவீரா?” என்றார் கமிட்டிக்காரர்.

ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. குண்டு கிளம்பியது. கூனி நிற்பது இப்போது எனக்குத்தான் வரவில்லை. இருபத்து நாலு வருடம் சும்மா வந்த காரியம்.

“வரல மச்சான்.”

“உம்ம ஜிம்முல இடி விழ.”

மாற்று ஜோடி முன்னால் வந்து நின்றது. இரண்டு பேரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். கமிட்டிக்காரர் மூங்கிலை எடுக்கக் கை நீட்டினார். அப்போது பெண்டாட்டி பெண்கள் பக்கத்திலிருந்து நேராக வந்தாள். தலையில் போட்டிருந்த முக்காடு கலைந்தது. அதைச் சரி செய்யவில்லை. கையில் ஒரு தடித்த பூத்துண்டு. அண்ணனிடம் நீட்டினாள்.

“நாலா மடி.”

மச்சான் துண்டைப் பார்த்தான். முற்றத்தைப் பார்த்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பதினோரு வருடமாக மெத்தை போட்டவர்களை ஒருவர் விடாமல் கேலி செய்தவன் அவன்.

“மெத்தையா? நானா?”

“நான் நாப்பது நாள் பட்டினி கெடந்தேன். நீ ஒரு துண்டு போட மாட்டியா?”

மச்சான் மடித்தான். முதலில் இரண்டாக. குண்டு அவன் பக்கம் போனது. நான்காக மடித்தான். கமிட்டிக்காரர் மூங்கிலைத் துண்டின் மேல் வைத்தார். குண்டு கொஞ்சம் ஆடியது. நின்றது.

“ஜோடி சரி” என்றார்.

முற்றமே சிரித்தது. பெண்கள்தான் அதிகம். மச்சான் மெத்தையைத் தோளில் வைத்தபடி, ஏதோ போலீஸ் பிடித்த ஆள் மாதிரி நின்றான்.

சப்பரத்து அன்றைக்குத் தூறல். சுரூபத்துக்கு மேல் பிளாஸ்டிக் தாள். முன்னால் ஒருவன் நீளக் கழியால் கரண்ட் ஒயர்களைத் தூக்கிக்கொண்டே போனான். இரண்டாவது நிறுத்தத்தில் பக்கத்துக் கணபதி பந்தல்காரர்கள் எங்களுக்காக டோல் மேளத்தை நிறுத்திவிட்டு நின்றார்கள். நாங்கள் தாண்டிய பிறகு சேர்த்து வைத்து அடித்தார்கள். என் ஒற்றைத் துண்டு நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. மரம் எலும்பில் இல்லை, சதையில் உட்கார்ந்திருந்தது. அந்த வித்தியாசம் தூக்கினவனுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது நிறுத்தம். மாவு மில். திருப்பம்.

உள்பக்கம் நான். காலை மாற்றி மாற்றி வைத்தேன். தொடை நடுங்கியது. போன தடவை நடுங்கியது போலத்தான் நடுங்கியது. ஆனால் முழங்கால் மடியவில்லை. ஸ்டூலிலிருந்து எழுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். மனதுக்குள் இந்தியில் எண்ணினேன். எட்டு வந்தபோது பட்டறைக்காரர்கள் குரல் கூடியது மாதிரி இருந்தது. பத்துக்குச் சப்பரம் நேராகியிருந்தது. தண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“மாப்ள, இருக்கீரா?”

“இருக்கேன்.”

“சரி.”

ஐந்தாவது நிறுத்தமும் ஆயிற்று. கோவிலுக்கு வந்து இறக்கினோம். மாதா சாயவில்லை.

சப்பரம் இறக்கியதும் எல்லோரும் தோளைக் காட்டிப் பார்த்துக்கொள்வது வழக்கம். என் தோள் சிவந்து தோல் உரிந்திருந்தது. மச்சான் தோளில் ஒரு கீறல் இல்லை. பூத்துண்டின் நூல் கோடு மட்டும் பதிந்திருந்தது. அவன் சட்டையைப் பொத்தான் போட்டு மூடினான். எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்தான். பெண்டாட்டி அந்தத் துண்டைத் துவைத்துக் கயிற்றில் போட்டிருந்தாள்.

“இனி வருசா வருசம் இதானா அண்ணே?” என்றாள்.

“இவரு இதோட நிப்பாட்டுனா துண்டு போதும். இன்னும் நிமிந்தாருன்னா போர்வை வேணும்.”

“நீயும் ஜிம்முக்குப் போயேன்.”

“நான் ஏற்கனவே நிமிந்துதான் நிக்கேன். இதுக்கு மேல எங்க போவ.”

அது உண்மைதான். அதற்கு மருந்து இல்லை.

பெண்டாட்டி மூன்று டீ போட்டு, இரண்டை எங்களிடம் கொண்டுவந்தாள். திருவிழா முடிந்தது, நேர்ச்சையும் முடிந்தது. என் டம்ளரில் பழையபடி சீனி போட்டிருந்தாள். ஒரு வாய் குடித்தேன். பாயசம் மாதிரி இருந்தது. டம்ளரை மச்சானிடம் தள்ளிவிட்டு அவனுடையதை எடுத்துக்கொண்டேன். அதிலும் சீனி. அடுப்படியில் பெண்டாட்டி தனக்கென்று வைத்திருந்ததை எடுத்துப் பார்த்தேன்.

அதில் சீனி இல்லை. ஆறு மாதமும் எனக்காக அவளும் விட்டிருக்கிறாள். சொல்லவில்லை.

“அது என் டீ” என்றாள்.

பாதியை வேறு டம்ளரில் ஊற்றினேன். குடித்தோம்.